வலது பக்கம் நார்மல்

இரண்டாவது ஆளும் போய்விட்டான். ஆவுடை மோட்டுவளையைப் பார்த்தபடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல், மனசுக்குள் அவனுக்கு ஒரு முட்டை போட்டாள். முதல் ஆளுக்குப் போட்டதைவிடப் பெரிய முட்டை. செண்டு மணக்க முதலில் வந்தவனாவது ‘அம்மா, நான் உங்களைச் சோதிச்சுப் பார்க்கலாமா’ என்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மனப்பாடப் பாட்டு ஒப்பிக்கிற மாதிரிக் கேட்டான். இவனுக்கு அதற்கும் பொறுமையில்லை, கேட்டுக்கொண்டே கையை வைத்துவிட்டான். அதுவும் என்ன கை, ஐஸ்கட்டி. கழுவின கையைத் துடைக்கத் தெரியாதவனுக்கு இத்தனை வருசம் என்னத்தைப் படிப்பித்தார்களோ. பச்சைத் துணித் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று இப்போது இங்கிலீஷில் பொழிகிறான். அவள் ஆறாம் கிளாஸோடு நின்றவள், ஒன்றும் விளங்காது என்று அவர்களுக்கு நினைப்பு. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்று வாரத்தில் அவளுக்கு நாலு வார்த்தை தெரிந்துவிட்டது. லெப்ட், ரைட், லம்ப், நார்மல். இந்த நாலை வைத்துக்கொண்டு அவர்கள் பேசுவதில் முக்கால்வாசியைப் பிடித்துவிடலாம், மிச்சமெல்லாம் ஜிகினா. லெப்ட் என்றால் லம்ப், அதாவது கட்டி, ரைட் என்றால் நார்மல். செண்டுக்காரனும் அதைத்தான் சொன்னான், ஐஸ்கட்டியும் அதைத்தான் சொல்கிறான். பொன் பிரேம் கண்ணாடி போட்ட பெரிய டாக்டர், பரீட்சை வைக்க வெளியூரிலிருந்து வந்தவர், அட்டையில் செருகின தாளில் சரக் சரக்கென்று டிக் போடுகிற சத்தம் கேட்கிறது. போடட்டும். அவர் போடுகிற பரீட்சை அவருக்கு, இவள் போடுகிற பரீட்சை இவளுக்கு. இவளுடையதில் ஒரே ஒரு கேள்விதான். அதை இதுவரைக்கும் ஒருத்தனும் தொடவில்லை.

காலையிலேயே எமல்டா சிஸ்டர் வந்து இட்லிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போனாள். “ஏட்டி ஆவுடை, நாலு பேர் வருவாவ. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒனக்கு என்ன சீக்குன்னு நீயா வாயைத் தொறந்துறாத, அது அவங்க கண்டுபிடிக்கணும். அதான் பரீட்சை.” ஆவுடை தலையை ஆட்டினாள். வாயைத் திறக்காமலிருக்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டரிடம்கூடக் கேட்காமல் இறங்கி வந்து வீட்டில் அழுகிற ஜென்மம் அவள். பேசாமல் கிடப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் கண்டுபிடிக்க வேண்டுமாம், கண்டுபிடிக்க! நேற்றுச் சாயங்காலம் வராந்தாக் குழாயடியில் அவள் பிள்ளையின் துணியை அலசிக்கொண்டிருந்தபோது தூணுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் செல்போனில் ஒப்பித்துக்கொண்டிருந்தானே, “மூணாம் கட்டில், லெப்ட், ரெண்டு மணிப் பொசிஷன், அக்குள்ல ஒண்ணு, ரைட் நார்மல், அவ்வளவுதான் மச்சான், நிம்மதியாத் தூங்கு” என்று. மூணாம் கட்டில் அவள்தான். அவளுடைய மார்பை ரெண்டு மணி மூணு மணி என்று கடிகாரம் மாதிரிப் பிரித்துப் பங்குவைத்துக் கொண்டார்கள். வெட்கம் பொத்துக்கொண்டு வந்தது, ஈரத் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ராத்திரி முழுக்க அந்த வெட்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு, விடியும்போது வேறொன்றாகியிருந்தது. அதற்குப் பேர் அவளுக்குத் தெரியவில்லை. கோபமென்று சொல்ல முடியாது, கோபப்படுவதற்குக்கூட எதிராளிக்கு ஒரு தகுதி வேண்டுமே.

பெரிய டாக்டர் பரீட்சை தொடங்குமுன் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பேசினார். இனிமேல் எந்த ஊர்க் காலேஜில் படித்தாலும் மார்பு நோய் டாக்டர் என்றால் ஒரே பாடம், ஒரே வரிசை, ஒரே தாள். இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்றார். நாலு பேரும் கோயில் மாடு மாதிரித் தலையை ஆட்டினார்கள். அந்த வரிசையை ஆவுடை கேட்டுக் கேட்டு, அவளையே எழுப்பி நிறுத்தினால் ஒப்பித்துவிடுவாள். கை கழுவணும், பேரைச் சொல்லணும், தட்டியை இழுத்து மறைக்கணும், நல்லா இருக்கிற பக்கத்தை முதலில் பார்க்கணும், அப்புறம் சீக்கான பக்கம், அப்புறம் அக்குள், கழுத்து, வயிறு. பதினைந்து நாளாக மற்றக் கட்டில்காரிகளை வைத்துத்தானே பழகினார்கள். அதற்கு முன்னால் ரப்பர் மார்பில். பயிற்சி ஹாலில் மேசைமேல் அது இருக்கிறது, தலையில்லை, கையில்லை, வெறும் நெஞ்சு, உரித்த கோழி நிறத்தில். அவளை அங்கே உட்காரவைத்திருந்த அன்றைக்கு யாருமில்லாத நேரம் பார்த்து அதைத் தொட்டுப் பார்த்தாள். இடது பக்கத்தில் உள்ளே ஒரு கோலிக்காய் இருந்தது. வலது பக்கம் மைதா மாவு, ஒன்றுமே இல்லை. வருசம் முழுக்க அதைத்தான் அமுக்கி அமுக்கிப் படித்திருக்கிறார்கள், கோலிக்காய் எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். அந்த ரப்பரும் பிள்ளை பெறாது, அதன் வலது பக்கத்தில் புதுசாக எதுவும் முளைக்காது. அதில் பழகின கை வேறெப்படி இருக்கும்? நல்ல பக்கத்தை முதலில் பார்க்கணும் என்று விதி இருப்பதால் செண்டுக்காரன் வலது பக்கத்தில் ரெண்டு விரலை வைத்தான், எடுத்தான். சரக்கென்று டிக். ஐஸ்கட்டி அதுவுமில்லை, உள்ளங்கையை ஒரு தடவை மேலே ஓட்டினான், தூசி தட்டுகிற மாதிரி. அதற்கும் சரக்.

கை என்றால் என்னவென்று இவர்கள் பீடிக்கடைக்கு வந்து பார்க்க வேண்டும். பதினொரு வயசிலிருந்து ஆவுடை பீடி சுற்றுகிறாள். இலையும் தூளும் பரப்பின சொளகை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு கதையளந்துகொண்டே சுற்றினாலும், இலைக்குள் ஒரு நரம்பு தடித்திருந்தால் விரல் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். கடையில் செக்கர் மாலையப்பன் பீடிக் கட்டைக் கையில் வாங்கி இப்படி ஒரு நசுக்கு நசுக்குவான், உள்ளே தூள் குறைவான ஒற்றைப் பீடி எங்கே ஒளிந்திருக்கிறதென்று உருவி எடுத்து மேசைமேல் போடுவான். கிராதகன், அவனைச் சபிக்காத பொம்பளை அந்தத் தெருவில் கிடையாது, ஆனால் அவன் கையைக் குறைசொல்ல முடியாது. அவனை இந்தத் தட்டிக்குள் கொண்டுவந்து விட்டால்... சீ, என்ன நினைப்பு இது. முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் நினைப்பு விடவில்லை, நினைப்பை நிறுத்த எந்தச் சிஸ்டர் வருவாள். அவளுடைய கையும் அப்படித்தான். எட்டு நாளைக்கு முன்னால், பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்து ஜாக்கெட்டை இழுத்துவிடும்போது, வலது பக்கத்தில் அக்குளை ஒட்டின ஓரத்தில், விரல் நின்றது. தட்டாம்பயறு அளவு. அதைவிடச் சின்னதோ. திரும்பத் தடவினாள், இல்லை. இன்னொரு தடவை தடவினாள், இருந்தது. பால் கட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ஏனென்றால் இடது பக்கத்தையும் எல்லோரும் அதைத்தானே சொன்னார்கள். பிள்ளைக்கு நாலு மாசத்தில் அது வந்தது. பால்கட்டு என்றாள் ஊர் நர்ஸம்மா. பால்கட்டேதான் என்று மல்லிகைப்பூ அரைத்து வைத்துக் கட்டினாள் மதினி. வெந்நீர் ஒத்தடம், அது இது என்று ஆறு மாசம் போய், அது நெல்லிக்காயாகி, இங்கே வந்து துப்பாக்கி மாதிரி ஊசியால் சதையை எடுத்துப் பார்த்து, வியாழக்கிழமை இடது பக்கத்தை எடுத்துவிடுவதாக முடிவாகியிருக்கிறது. எடுத்துவிட்டுப் போகட்டும். ஒன்று போனால் ஒன்று இருக்கிறது என்று அவள் புருசன் செந்தூரான் செல்போனில் சொன்னான், ஆறுதலாகச் சொல்கிறானாம், வண்டி டயரைப் பற்றிப் பேசுகிற மாதிரி. ஆனால் அவளும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். தன்ஷிகா பத்து நாளில் பழகிக்கொண்டாளே, வலது பக்கம் மட்டும் போதுமென்று. புட்டிப்பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை. ‘வலது பக்கம் கொடுக்கலாம், தப்பில்லை’ என்று எமல்டா சிஸ்டர் சொன்னபோது காலில் விழப் போனாள். அந்த வலது பக்கத்தில் பயறு.

அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், ரவுண்ட்ஸ் வருகிறபோது. ரவுண்ட்ஸில் பத்துப் பேர் நிற்பார்கள், பத்துப் பேர் முன்னால் நெஞ்சைக் காட்டி ‘இங்கன ஒண்ணு இருக்கு’ என்று சொல்ல அவளால் ஆகாது. அதுதான் காரணமா? வெட்கம்தான் காரணமென்று எட்டு நாளாகத் தனக்கே பொய் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். சொன்னால் இந்தப் பக்கமும் கொடுக்காதே என்றுவிடுவார்கள், அன்றைக்கே, அந்த நிமிசமே. அதனால்தான் சொல்லவில்லை. தானாகச் சொல்ல மாட்டாள், ஆனால் அவர்களாகக் கண்டுபிடித்தால்? இதற்கென்றே படித்தவர்கள், நாலு பேர், பரீட்சை வேறு, கண்டுபிடிக்காமலா போவார்கள் என்று நேற்றுவரை பயந்து செத்தாள். இன்றைக்குப் பார்த்தால் பயப்படவே வேண்டியிருக்கவில்லை. இவர்களைக் காவல் வைத்தால் திருடனுக்குக் கல்யாணம்தான், கண்ணெதிரே தாலி காணாமல் போனாலும் கவனிக்க மாட்டார்கள். சிரிப்பு வந்தது. மோட்டுவளையில் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதரம் டக்கென்றது. டக். தப்பித்தோம். டக். தப்பித்தோமா?

மூன்றாவதாக வந்தவள் வாட்சைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். கெட்டிக்காரி என்று வார்டில் பேர். “எத்தனை நாளாம்மா இருக்கு? வலி உண்டா? காம்புல ரத்தம் வந்துச்சா? வீட்டுல வேற யாருக்காச்சும் இருக்கா?” பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அடுத்த கேள்வி தயாராக நாக்கில் நின்றது. ஆவுடை “ஏழு மாசம்” என்று சொன்னதற்கு “ம்ம் ம்ம், வெரிகுட்” என்றாள். ஏழு மாசத்தில் என்ன வெரிகுட்டோ. கை மட்டும் சூடாக இருந்தது, அதற்கு வேண்டுமானால் அரை மார்க். வலது பக்கத்தில் கையை வைத்தாள். வைத்த கை கொஞ்சம் நகர்ந்தது. வா, இன்னும் ஒரு விரக்கடை வா, வராதே, வா, வந்துவிடாதே. விரல் ஓரத்துக்கு வருமுன் வாட்சுக்காரி வாட்சைப் பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டாள். “ரைட் நார்மல்,” தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், துணிக்கடையில் சைஸ் பார்க்கிறவள் மாதிரி. ஆவுடைக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் லேசானது. அடுத்த கணம், எங்கிருந்து வந்ததோ, அந்த வாட்சை எடுத்துச் சன்னல் வழியே எறியவேண்டும் போலிருந்தது. ஏன் எறியவேண்டும்? தப்பித்துவிட்டோமே. தப்பித்துவிட்டோம், ஆனால் யாரிடமிருந்து? இவள் நாளைக்குப் போர்டு மாட்டி உட்காருவாள், எந்த ஊர்ப் பிள்ளையோ, பிள்ளைத்தாய்ச்சியோ, கையில் டோக்கனை வைத்துக்கொண்டு நாலு மணிநேரம் உட்கார்ந்து உள்ளே போவாள், இவள் வாட்சைப் பார்த்துக்கொண்டே நார்மல் என்பாள், அவள் சந்தோசமாகப் பஸ் ஏறுவாள். அந்தப் பஸ் ஏறுகிறவளை ஆவுடை நன்றாகப் பார்த்தாள். சன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது அவளுக்கு. மடியில் ஒரு முறுக்குப் பாக்கெட். அப்போது வெளியே பெஞ்சில் தன்ஷிகாவின் சிணுங்கல் கேட்டது, ‘அழாத, ஆத்தா வருவா, பரீட்சை எழுதப் போயிருக்கா’ என்று மதினி சொல்வதும், வராந்தாவில் யாரோ சிரிப்பதும். சத்தம் காதில் விழுந்ததுமே வலது பக்கம் சுரீரென்று ஊறியது. பால், அதுக்குப் பரீட்சை தெரியுமா, ஒரே தாள் தெரியுமா.

நாலாவது ஆள் பூரணி. வந்ததிலிருந்து பேசத் திணறுகிற பிள்ளை. டாக்டர் பிள்ளையில் இப்படியும் உண்டா என்று ஆவுடை பலதரம் நினைத்திருக்கிறாள். பெரியவர்கள் கேள்வி கேட்டால் துப்பட்டா முனையைச் சுருட்டுவாள், தெரிந்த பதிலையும் விழுங்குவாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஆவுடைக்குத் தன்னையே கண்ணாடியில் பார்ப்பது போலிருக்கும், அதனாலேயே அவளைக் கொஞ்சம் பிடிக்காது. உள்ளே வந்ததும் கையை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கினாள். “குளுருமாக்கா?” என்று கேட்டாள். தாளில் இல்லாத கேள்வி. ஆவுடை ஜாக்கிரதையானாள். பூரணி வலது பக்கத்திலிருந்து தொடங்கினாள். நாலு விரலையும் சேர்த்துத் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன வட்டமாக, உள்ளேயிருந்து வெளியே, மாவு பிசைகிற அவசரமில்லாமல், இலையில் நரம்பு பார்க்கிற மாதிரியே. விரலில் பால் பட்டது. மற்றவர்கள் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு பஞ்சைத் தேடுவார்கள், இவள் தன் கோட்டிலேயே துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். அடிப்பாவி, இவளுக்குக் கை இருக்கிறது. பன்னிரண்டு, பதினொன்று, பத்து. கடிகாரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றி வருகிறாள். ஓரத்துக்கு வருகிறாள். ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள். விரல் நின்றது. போனது, திரும்பி வந்தது, நின்றது. மூன்றாந்தரமும் நின்றது. அந்த ஒரு நிற்பில் எட்டு நாளும் அவள் நெஞ்சுக்குமேல் வந்து உட்கார்ந்தன. கண்ணைத் திறந்தால் பூரணியின் முகம் மேலே, வெளுத்து, வாய் லேசாகத் திறந்து. “அக்கா, இது எப்பத்திலேர்ந்து...” டிங்கென்று எமல்டா சிஸ்டர் மணியடித்தாள். “டைம் ஆயிட்டு டாக்டர். லெப்ட் பாக்கவே இல்லியே நீங்க!” பூரணி பதறிப்போய் இடது பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கி, அக்குளில் ஒரு தடவு தடவி, துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டே பெரிய டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

தட்டி பாதி விலகிக் கிடந்தது. ஆவுடைக்கு எல்லாம் தெரிந்தது. சொல்லப்போகிறாள். இதோ சொல்லப்போகிறாள். பிள்ளைக்குக் காலையில் கொடுத்ததுதான் கடைசியா, அது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்திருக்கலாமே, உச்சியை மோந்துகொண்டு இருந்திருக்கலாமே, இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க அவசரப்பட்டுப் பிடுங்கினேனே. பூரணி லெப்ட்டைப் பற்றிச் சொன்னாள், ரெண்டு மணி, மூணு செண்டிமீட்டர், பார்க்காததையெல்லாம் பார்த்த மாதிரி, குழாயடிப் பாட்டு வரிசை மாறாமல் வந்தது. “ரைட்?” என்றார் பெரிய டாக்டர். பூரணி நின்றாள். துப்பட்டா முனை ஒரு சுற்றுச் சுற்றியது. தாளில் இல்லாததைச் சொன்னால் இல்லாததை இருக்கிறதென்று சொன்ன குற்றமாகிவிடும், மார்க் போகும், வருசம் போகும், எல்லாம் அந்தத் துப்பட்டா முனையில் எழுதி ஒட்டியிருந்தது. ஆவுடைக்குத் தெரியாத எழுத்தா அது? எட்டு நாளாக அவளே எழுதிக்கொண்டிருந்ததுதானே.

“நார்மல், சார்.”

சரக்.

“பொய் சொல்லாதிய.”

யாருடைய குரலென்று ஆவுடைக்கு முதலில் தெரியவில்லை. எமல்டா சிஸ்டர் திரும்பி, “ஏட்டி, என்ன? சும்மா படு,” என்றபோதுதான் தான் எழுந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சேலையை நெஞ்சோடு வாரிப் பிடித்திருந்தாள். பேச்சு தானாக வந்தது. “ஒங்க கை நின்னுச்சுல்லா, டாக்டரம்மா. மூணு வாட்டி நின்னுச்சு. மத்த மூணு பேரும் தெரியாதவங்க, போகட்டும். நீங்க தெரிஞ்சவுக. தெரிஞ்சுக்கிட்டு நார்மல்னு சொல்லுதீய.”

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “இருந்துச்சா?” என்று பூரணியிடம் கேட்டார். தமிழில் கேட்டார்.

“இருந்துச்சு சார். சின்னதா. ஆனா... கேஸ் ஷீட்ல ரைட் நார்மல்னுதான் சார் போட்டிருக்கு.”

“கேஸ் ஷீட் என் கையில இருக்கு. நான் யார்ட்டயும் காட்டலையே.”

செண்டுக்காரன் தன் செருப்பைப் பார்த்தான். வாட்சுக்காரி முதல்தடவையாக நேரம் பார்க்கவில்லை. பூரணிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது, ஆவுடைக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. வரும் என்று ஒரு கணம் காத்திருந்து பார்த்தாள், வரவில்லை. எழுபது வயசுக் கையால் பெரிய டாக்டர் குழாயைத் திறந்தார், தண்ணீர் கொட்டியது. வெளியே சிணுங்கல் இப்போது அழுகையாகிவிட்டது, மதினியின் சமாளிப்பெல்லாம் தோற்றுப்போன முழு அழுகை. ஆவுடை கட்டிலைவிட்டு இறங்கி ஜாக்கெட் கொக்கிகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள்.

“படும்மா, நான் பாத்துடறேன்,” என்றார் பெரிய டாக்டர், ஈரக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு.

“பிள்ளைக்கு ஒருக்கா குடுத்துட்டு வாரேன்.”

“அம்மா, இது முக்கியம்...”

“எட்டு நாளா இருக்கு சார் அது. எங்கயும் ஓடிப்போகாது. பிள்ளை பசி தாங்க மாட்டா.” வாசல்வரை போனவள் நின்றாள். “அதுக்குள்ள கையைத் தொடைச்சு வைங்க. ஜில்லுனு கொண்டாந்து வைக்காதிய.”

வராந்தா பெஞ்சில் மதினியிடமிருந்து பிள்ளையை வாங்கி, சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து, வலது பக்கத்தைக் கொடுத்தாள். தன்ஷிகா விக்கலோடு வாயைவைத்து, கண்ணீர்க் கன்னத்தை அழுத்திக்கொண்டு இழுத்தாள், காது அசைந்தது. “என்னட்டி, பாஸா?” என்று கேட்டாள் மதினி. ஆவுடை பிள்ளையின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள். இந்த எட்டு நாளும் பிள்ளை குடித்து முடித்ததும் அவள் விரல் தானாக ஓரத்துக்குப் போகும், பால் வடிந்ததும் அது கரைந்திருக்குமா என்று பார்க்க, பால்கட்டுதான் என்று ஆகிவிடுமா என்று பார்க்க. ஒவ்வொரு தடவையும் அது இருந்தது. இப்போதும் விரல் துடித்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் படித்தவர்கள் ஐந்து பேர் அவளுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். நிற்கட்டும். அவள் ரெண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.